கடலூர் – புதுச்சேரி பைக் பயணம்: மார்கழியில் 22 டிகிரிக்கே விரல் மரக்கிறது, கத்திரியில் காற்றே சுடுகிறது. ஏன்?

பாப்புலியூர் பைக் (கேள்வி)

வணக்கம். வீடு திருப்பாப்புலியூர், வேலை புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில். முதல் ஷிப்ட் வாரத்தில் விடிவதற்கு முன்பே பைக்கை எடுத்துவிடுவேன். பஸ்ஸில் போகலாமே என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், பார்த்தாயிற்று, சரிப்படாது. இந்த ரோட்டில் மூன்று விஷயம் எனக்குப் புரியவே இல்லை.

முதலில் மார்கழி. கிளம்பும்போது போனில் 22 டிகிரி என்று காட்டும். ஊட்டிக்காரன் கேட்டால் சிரிப்பான். ஆனால் ரெட்டிச்சாவடி தாண்டும்போதே விரல் மரக்க ஆரம்பித்து, கிருமாம்பாக்கம் வருவதற்குள் கிளட்சைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியாது. தவளக்குப்பத்தில் டீக்கடை ஓரமாக நிறுத்தினால், டீ கைக்கு வருவதற்கு முன்பே பாதிக் குளிர் போய்விடுகிறது. அங்கேயும் அதே 22 தானே?

அடுத்தது கார்த்திகை மழை. போன் 24 டிகிரி என்கிறது. எங்கள் ஆபீஸ் ஏசியும் 24 தான். அங்கே அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறோம். ரோட்டில் நனைந்தால் மட்டும் பல் கிடுகிடுக்கிறது. கூட வேலை பார்க்கும் ஒருவர் இதற்கு மருந்து ஒரு குவார்ட்டர்தான் என்கிறார். புதுச்சேரியில் இருந்துகொண்டு வேறு என்ன சொல்வார்.

கடைசியாகக் கத்திரி. மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து திரும்பும்போது மேல்காற்று அடித்தால், வேகமாகப் போகப் போகத்தான் அதிகம் சுடுகிறது. இன்னொரு நண்பர் முழுக்கைச் சட்டை, முகத்தில் துண்டு, கையில் உறை என்று மூட்டை மாதிரி வருகிறார். அப்படி வந்தால்தான் சூடு கம்மி என்கிறார். நான் அரைக்கைச் சட்டை. யார் சொல்வது சரி?

விடிகாலை ஏஜென்ட்

மார்கழிக்கு மட்டும் என் பதில். நான் மஞ்சக்குப்பத்தில் பேப்பர் போடுகிறேன். சட்டைக்குள்ளே நெஞ்சை மறைத்த மாதிரி நேற்றைய ரிட்டர்ன் பேப்பரை நான்காக மடித்து வைத்துக்கொள்ளுங்கள். என் அப்பா காலத்திலிருந்து இதுதான். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் என்றால் இன்னும் விசேஷம், பக்கம் அதிகம். கைக்குக் கையுறைதான், வேறு வழி இல்லை. ஏன் வேலை செய்கிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது, செய்கிறது.

சிப்காட் சேஃப்டி

தம்பி, நான் கடலூரில் ஒரு தொழிற்சாலையில் சேஃப்டி பிரிவில் இருக்கிறேன். கோடை வந்தால் ஷெட்டுக்குள் வேலை செய்கிறவர்களுக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை ஓய்வு என்று முடிவு செய்வது என் வேலை. அதற்காக மூன்று தெர்மாமீட்டரைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

போனில் தெரியும் எண் காற்று எவ்வளவு சூடு என்று மட்டும் சொல்லும். உங்கள் உடம்பிலிருந்து எவ்வளவு சூடு வெளியே போகிறது என்று அதற்குத் தெரியாது. சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளே ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை விடாமல் உண்டாக்குகிறார். மூட்டை தூக்குகிறவருக்கு அது 400 வாட் வரைகூடப் போகும். உள்ளே 37 டிகிரியைக் காப்பாற்ற வேண்டும் என்றால் உண்டாவது முழுவதும் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் வெளியேற வேண்டும். போகிற சூடு குறைந்தால் புழுக்கம், அதிகமானால் நடுக்கம்.

சாதாரணமாகத் தோலின் சூடு 33, 34 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் உடம்பின் சூடு காற்றுக்குப் போகும். சுவர், கூரை, வானம் எது உங்களைவிடக் குளிர்ச்சியோ அதற்குக் கதிர்வீச்சாகவும் போகும். நல்ல நிழலான அறையில் சும்மா இருக்கும்போது பாதிக்கு மேல் இந்தக் கதிர்வீச்சில்தான் போகிறது, நிறையப் பேர் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. தண்ணீரையோ குளிர்ந்த தரையையோ தொட்டால் நேரடியாகப் போகும். மிச்சம் வியர்வை ஆவியாவதில் போகும். நம் கடற்கரையில் மாதத்துக்கு மாதம் இவற்றில் எது வேலை செய்கிறது, எது முடங்குகிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும்.

மார்கழிக் காலையை எடுங்கள். காற்று அசையாத இடத்தில் நிற்கும்போது தோலை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படலம் சூடாகி அங்கேயே நிற்கும். அதுதான் உங்களுக்கு முதல் சட்டை. மணிக்கு 50 கிலோமீட்டரில் போனால் அது நிற்கவே முடியாது, ஒவ்வொரு நொடியும் புதுக் காற்று வந்து சூட்டை அள்ளிக்கொண்டு போகும். மூடாத தோலில் சூடு போகும் வேகம், காற்று அசையாமல் இருப்பதைவிடப் பத்து மடங்கு அளவுக்குக்கூடப் போகும். உடனே உடம்பு என்ன செய்யும் என்றால், கை கால்களின் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். நெஞ்சும் மூளையும் பிழைத்தால் போதும், விரல் எப்படியோ போகட்டும் என்பது அதன் கணக்கு. விரல் மெலிசாக இருப்பதால் சூடு வேகமாகவும் இறங்கும். டீக்கடையில் நின்றதும் அந்தக் காற்றுப் படலம் திரும்ப உட்கார்ந்துவிடுகிறது. 22 அப்படியேதான் இருக்கிறது, காற்று மட்டும் நின்றுவிட்டது.

ஏஜென்ட் அண்ணன் சொன்ன பேப்பர் வேலை செய்வதும் இதனால்தான். பேப்பரைத் துளைத்துக்கொண்டு காற்று உள்ளே வராது, மடிப்புக்கு நடுவே அசையாத காற்று தங்கும். கம்பளியாக இருந்தாலும் சரி, பேப்பராக இருந்தாலும் சரி, சூட்டைத் தடுப்பது உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுதான். நெஞ்சு சூடாக இருந்தால் விரலுக்கு ரத்தம் விடுவதற்கும் உடம்பு யோசிக்காது.

போன் ஆப்பில் ‘ஃபீல்ஸ் லைக்’ என்று ஒன்று வருமே, இந்த இடத்தில் அதை நம்ப வேண்டாம். காற்றுக் குளிர்ச்சிக் கணக்கு முதலில் அண்டார்டிகாவில் சைப்பிள், பாசெல் என்ற இருவர் பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீர் உறையும் வேகத்தை அளந்ததில் வந்தது. 2001ல் அமெரிக்காவும் கனடாவும் அதைத் திருத்தின. அந்தச் சூத்திரமே 10 டிகிரியும் அதற்குக் கீழும் உள்ள குளிருக்குத்தான். கடலூருக்கு அது வேலைக்கு ஆகாது. அதோடு, ஆப்புக்கு நீங்கள் பைக்கில் போவதே தெரியாது.

மழைக்கு வருகிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். நனைந்த ஜீன்ஸ் அரை லிட்டர் தண்ணீரைச் சுலபமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது காய 1,200 கிலோஜூல். சும்மா உட்கார்ந்திருக்கிற உடம்பு ஒரு மணி நேரத்தில் உண்டாக்குவதோ 360 கிலோஜூல்தான். கொஞ்சத்தைக் காற்றும் கொடுக்கும் என்று வைத்துக்கொண்டாலும், உங்கள் ஜீன்ஸ் காய்வதற்கான செலவில் பெரும்பங்கு உங்கள் தொடையிலிருந்துதான் போகிறது. போதாததற்கு, துணிக்குள் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆபீஸ் ஏசியில் துணி காய்ந்திருக்கிறது, காற்று அடிக்கவில்லை, வெளியிலிருந்து சூடாகத்தான் உள்ளே வந்தீர்கள். அங்கே இருக்கும் 24 ரோட்டின் 24 ஆகாது. ஏசியிலும் அசையாமல் மூன்று மணி நேரம் உட்காருங்கள், அப்புறம் நீங்களே ரிமோட்டைத் தேடுவீர்கள்.

கத்திரிதான் எனக்குப் பிடித்த பகுதி. காற்று 39, 40 டிகிரிக்குப் போய்விட்டால் அது தோலைவிடச் சூடு. அப்போது காற்று உங்களிடமிருந்து எடுப்பதில்லை, கொடுக்கிறது. வேகமாகப் போனால் அதிகமாகக் கொடுக்கும். தலைக்கு மேல் வெயில், கீழே 60 டிகிரி வரை கொதிக்கும் தார் ரோடு, இரண்டும் கதிர்வீச்சாகச் சூட்டை ஏற்றும். மிச்சம் இருப்பது வியர்வை ஒன்றுதான். மேல்காற்று உலர்ந்த காற்று என்பதால் வியர்வை உடனுக்குடன் ஆவியாகிவிடும், அதனால்தான் ‘எனக்கு வியர்க்கவே இல்லை’ என்று ஆட்கள் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் சட்டையில் உப்புக் கோடு இருக்கும். உங்கள் நண்பர் செய்வது சரி: தளர்வான, வெளிர் நிறப் பருத்தி முழுக்கைச் சட்டை சுடுகாற்றையும் வெயிலையும் தோலில் நேராகப் படாமல் தடுக்கும், வியர்வை ஆவியாக வழியும் விடும். இறுக்கமான பாலியஸ்டர் ஜாக்கெட் என்றால் கதை வேறு, அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கடல்காற்று வந்துவிட்டால் நிம்மதி என்று ஊரில் சொல்வார்கள் அல்லவா? அதில் பாதிதான் உண்மை. கத்திரியில் ஒரு மத்தியானம் 39 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் என்று வையுங்கள். ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் அப்போது 26, 27 காட்டும். வியர்வை ஆவியாகி எவ்வளவு வரை குளிர்விக்க முடியும் என்பதற்கு அதுதான் அடையாளம், அந்த எண் ஏறினால் குளிர்ச்சி குறையும். கடல்காற்று உள்ளே வந்ததும் வெப்பம் 34க்கு இறங்கும், ஈரப்பதம் 70க்கு ஏறும். ஈரத்துணித் தெர்மாமீட்டர் 29க்கு ஏறிவிடும். சில்வர் பீச்சில் காற்று வாங்குகிறவருக்குச் சுகம், ஏனென்றால் காற்று வேகமாக வீசுகிறது, தோலைவிடக் கொஞ்சமாவது குளிர்ச்சி. ஆனால் தகர ஷெட்டுக்குள் காற்றோட்டம் இல்லாமல் வெல்டிங் செய்கிறவருக்கு வியர்வை ஆவியாவது குறைந்து, சொட்டுச் சொட்டாக வழிய ஆரம்பிக்கும். சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, ஆவியானால்தான் குளிர்ச்சி. மண்பானைத் தண்ணீர் கோடையில் ஜில்லென்று இருந்து, அடைமழையில் சாதாரணமாகிவிடுவதும் இதே காரணத்தால்தான். வேலை செய்கிற இடத்தில் நாங்கள் பார்க்கும் டபிள்யூபிஜிடி என்ற வெப்பத் தாக்க அளவில் ஈரத்துணித் தெர்மாமீட்டருக்கு மட்டும் 70 சதவீத எடை கொடுத்திருப்பார்கள். வெயிலில் வைக்கும் கருப்பு உருண்டைக்குள் இருக்கும் தெர்மாமீட்டருக்கு 20, சாதாரணத் தெர்மாமீட்டருக்கு வெறும் 10. போன் சொல்வது அந்தப் பத்தைத்தான்.

அந்த வகையில் எனக்குக் கத்திரியைவிடப் புரட்டாசிதான் பயம். பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். மேல்காற்று நின்று, வாடை இன்னும் வராமல், முந்தின நாள் மழை ஈரத்தில் வெயில் அடிக்கும். மே மாதத்தில் எல்லாரும் உஷாராக இருப்பார்கள், மோர் கொடுப்பார்கள். புரட்டாசியில் யாரும் கொடுப்பதில்லை.

முத்தியால்பேட்டை மாடி

சேஃப்டி சார், இடையில் ஒரு கேள்வி. நாங்கள் மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருக்கிறோம். மே மாதம் ராத்திரி பத்து மணிக்கு வெளியே 30 டிகிரிதான், அறைக்குள்ளும் 32க்கு மேல் இல்லை. ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. ஆனாலும் கட்டிலில் படுத்தால் அடுப்புக்குக் கீழே படுத்த மாதிரி. மாடியில் பாயைப் போட்டால் நிம்மதியாகத் தூக்கம் வருகிறது, விடியும்போது போர்வை தேட வேண்டியிருக்கிறது. மாடியிலும் அதே காற்றுதானே?

சிப்காட் சேஃப்டி

காற்று அதேதான், மேலே இருப்பதுதான் வேறு. பகல் முழுவதும் வெயில் குடித்த கான்கிரீட் சாயங்காலத்துக்கு மேல்தான் உள்பக்கம் முழுச் சூட்டை இறக்கும். உங்கள் சீலிங் தோலைவிடச் சூடாக இருந்தால், கதிர்வீச்சில் நீங்கள் இழக்க வேண்டிய சூடு போகாமல், மேலிருந்து கூடுதலாக வந்து சேரும். ஃபேன் காற்றை மட்டுமே அசைக்கும், கதிர்வீச்சை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மாடியில் படுத்தால் உங்களுக்கு மேலே இருப்பது வானம். மேகம் இல்லாத வானம் தரையை ஒட்டிய காற்றைவிட நன்றாகவே குளிர்ச்சி, உங்கள் உடம்பு ராத்திரி முழுவதும் அதற்குச் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மேகம் மூடிய ராத்திரியில் இந்தச் சுகம் பெரிதாகக் கிடைக்காது, கவனித்துப் பாருங்கள்.

சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றுவது கொஞ்சம் உதவும். வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்ட்டோ அடிப்பது இன்னும் நல்லது, சூடு ஏறுவதையே அது தடுக்கிறது. பகலில் அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேனை நம்பி இருக்காதீர்கள், அந்த நிலையில் ஃபேன் உடம்பைச் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டால் பரவாயில்லை.

நைட் டூட்டி சிஸ்டர்

புதுச்சேரியில் நர்ஸாக இருக்கிறேன். குவார்ட்டர் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன்.

மது உள்ளே போனதும் தோலின் ரத்தக் குழாய்கள் விரியும். சூடான ரத்தம் தோலுக்கு வரும், அதனால் கதகதப்பாகத் தெரியும். அந்தச் சூடு அப்படியே வெளியே போய்விடும். நடுக்கமும் குறையும். நடுக்கம் என்பது தசைகள் சூடு உண்டாக்கும் வேலை. பலமாக நடுங்கும்போது சும்மா இருப்பதைவிட நான்கைந்து மடங்கு வெப்பம் உண்டாகும். அதையும் நிறுத்திவிட்டு, இருக்கிற சூட்டையும் வெளியே விட்டால் என்ன ஆகும்? உங்கள் நண்பரிடம் சொல்லிவிடுங்கள், அதுவும் பைக் ஓட்டுகிற ஆளிடம் இந்த யோசனையைச் சொல்லவே கூடாது.

நம் ஊரில் குளிரில் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு நிறைய இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, ஒரே நாளில் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை கொட்டியது. அந்த மாதிரி நேரத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, நனைந்த புடவையோடு கட்டில் மேல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும் பாட்டிகளை நினைத்துப் பாருங்கள். காற்றின் வெப்பம் 23, 24 தான் இருக்கும். ஆனால் ஈரத்துணி, காற்று, மெலிந்த உடம்பு, வயது எல்லாம் சேர்ந்தால் அதுவே போதும். உடம்பின் உள்வெப்பம் 35க்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்கிவிட்டது. நடுங்கிக்கொண்டிருந்தவர் ஈரத்தோடு அப்படியே இருக்கும்போதே நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, தூங்கி வழிந்தால் ‘சரி, தூங்கட்டும்’ என்று விடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. போகும் வரை செய்ய வேண்டியது: முதலில் ஈரத்துணியை அவிழ்க்க வேண்டும். ஈரத்துக்கு மேலேயே போர்வையைப் போர்த்துவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். துடைத்து, காய்ந்த துணி, தலையையும் சேர்த்துப் போர்வை. நினைவு தெளிவாக இருந்தால் சர்க்கரை போட்ட சூடான டீ. கை காலைப் பரபரவென்று தேய்க்க வேண்டாம்.

கத்திரிக்கும் ஒரு வார்த்தை. வயதானவர்களுக்கு வியர்வையும் குறைவு, தாகமும் சரியாகத் தெரியாது. நெடுநாள் சர்க்கரை நோயில் நரம்பு பாதித்தவர்களுக்குக் காலில் வியர்ப்பதே நின்றிருக்கும். அவர்களை அரைக்கைச் சட்டை, முழுக்கைச் சட்டை என்ற கணக்கில் சேர்க்காதீர்கள். வெயிலில் வந்தவர் குழப்பமாகப் பேசினால், உடம்பு நெருப்பாகச் சுட்டால், அது சாதாரண மயக்கம் ஆகாது. உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் காற்று வீசிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

பாப்புலியூர் பைக்

எல்லாருக்கும் நன்றி. குவார்ட்டர் நண்பரிடம் சிஸ்டர் எழுதியதைப் படித்துக் காட்டினேன், ‘அப்போ பீர்?’ என்கிறார். விடுங்கள்.

சார், ஒரே ஒரு சந்தேகம். என்னிடம் நல்ல ரெயின்கோட் இருக்கிறது. காற்றைத் தடுப்பதுதான் முக்கியம் என்றால் மார்கழியில் மழை இல்லாவிட்டாலும் அதையே போட்டுக்கொள்ளலாமா? தனியாக ஜாக்கெட் வாங்க வேண்டாமே.

சிப்காட் சேஃப்டி

தாராளமாகப் போடலாம் தம்பி. காற்று புகாது என்பதால் மெலிசான ரெயின்கோட்டே போதும், உள்ளே ஒரு பனியனும் முழுக்கைச் சட்டையும் இருந்தால் நடுவில் காற்றுப் படலம் நின்றுவிடும். கழுத்துப் பக்கமும் மணிக்கட்டுப் பக்கமும் இறுக்கிக்கொள்ளுங்கள், அந்த வழியாகத்தான் காற்று பம்ப் அடிக்கும். ஒன்றில் மட்டும் கவனம்: ரெயின்கோட் வியர்வையையும் வெளியே விடாது. அரியாங்குப்பம் பாலம் தாண்டி டிராஃபிக்கில் மாட்டும்போது வெயில் ஏறியிருந்தால் கழற்றிவிடுங்கள். உள்ளே சட்டை நனைந்துபோய், அப்புறம் கழற்றிவிட்டு வேகமாகப் போனால் கார்த்திகைக் கதைதான். ஐப்பசி மழையிலும் இதே தொல்லை வரும், வெளியே மழை, உள்ளே வியர்வை. அதனால் பெட்டியில் ஒரு காய்ந்த சட்டையை பாலித்தீன் கவரில் சுற்றி வைத்திருங்கள், கம்பெனி போய்ச் சேர்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

கையுறை மட்டும் தனியாக வாங்கத்தான் வேண்டும். ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். இறுக்கமாக இருந்தால் உள்ளே காற்று நிற்க இடம் இருக்காது, ரத்த ஓட்டமும் குறையும், விரல் மறுபடியும் மரக்கும்.